வலது கை முட்டைக்கு, இடது கை பிரேக்குக்கு

ராஜையன் இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை. அவர் முட்டைக்காரர். முப்பது முட்டை அடங்கும் அட்டைத் தட்டுகள் பன்னிரண்டைக் கேரியரில் அடுக்கி, பழைய டியூபைக் கீறி எடுத்த ரப்பர் வாரால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவார். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் திருவனந்தபுரத்து ரோட்டுக்கு அது போதாது. குழியில் சக்கரம் இறங்கினால் வார் தட்டைத்தான் பிடிக்கும், மேல்தட்டு முட்டையை யார் பிடிப்பது? அதனால் அவருடைய வலது கை எந்நேரமும் பின்னால் திரும்பி மேல்தட்டின்மேல் இருக்கும். ஹேண்டிலுக்கு இடது கை மட்டும். திருப்புவதும் அந்தக் கைதான், மணியடிப்பதும் அந்தக் கைதான், பிரேக் பிடிப்பதும் அந்தக் கைதான்.

நம் ஊர் கறுப்பு சைக்கிளில் இது சௌகரியம். வலது பிடி முன் சக்கரத்துக்கு, இடது பிடி பின் சக்கரத்துக்கு. பின்னால் பாரம் வைத்துக்கொண்டு இறக்கத்தில் போகிறவனுக்குப் பின் பிரேக்தான் உயிர். அது அவர் இடது கையில் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

பாறசாலைப் பக்கத்து ஆள். இருபது வயதில் சாலைக் கடைத்தெருவில் முட்டை லாரியிலிருந்து பெட்டி இறக்க வந்தார். நாமக்கல்லிலிருந்து வரும் லாரி. இரண்டு வருஷத்தில் சொந்தமாக ஒரு பழைய சைக்கிள் வாங்கி, டீக்கடை, பேக்கரி என்று ஒரு லைன் பிடித்துக்கொண்டார். கரமனை ஆற்றோரம் வாடகை வீடு. மனைவி சுசீலாபாய் பால்பொடி டின்னில் ஓட்டை போட்டு, உள்ளே பல்பு வைத்து, ஒவ்வொரு முட்டையையும் அந்த வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் தட்டில் வைப்பாள். கலங்கியது ஒன்றுகூடப் போகாது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேதக்கோயிலுக்குப் போவார்கள், அன்று யார் கேட்டாலும் முட்டை கிடையாது. கோயிலில் எழுந்து நிற்கும்போதுகூட ராஜையனின் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும் என்று சுசீலாபாய் சொல்லிச் சிரிப்பாள்.

நான் ஆரியசாலையில் சந்துக்குள் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பெயர் வேலாயுதன். ராஜையன் என்னைவிட நாலு வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய சைக்கிளில் என் கை படாத இடம் கிடையாது.

2001 ஜூன் மாதம் அந்தக் கறுப்பு சைக்கிள் செத்தது. பெடல் அச்சு ஓடுகிற இடத்தில் பிரேம் விரிசல் விட்டது. இரண்டு தடவை வெல்டிங் வைத்துக் கொடுத்திருந்தேன். மூன்றாவது தடவை வந்தபோது, இனி இதன்மேல் நெருப்பு வைத்தால் நடுரோட்டில் இரண்டாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது மழை ஆரம்பித்திருந்த நேரம். அவர் வாடகை சைக்கிள் எடுத்து, ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளி, ஒரு வாரம் சமாளித்தார். அந்த ஒரு வாரத்தில்தான் எல்லாம் கெட்டது.

அவருடைய லைனில் பெரிய இடம் ஒன்றே ஒன்று. பூஜப்புரைப் பக்கத்தில் நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளின் ஹாஸ்டல். புதனும் சனியும் காலையில் அங்கே முட்டைக்கறி. ஒரு நடைக்குப் பத்துத் தட்டு. மற்ற கடைகளெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் வராது. அது போனால் மறுபடியும் லாரியில் பெட்டி இறக்கத்தான் போக வேண்டும், அந்த வயதில் யாரும் எடுக்க மாட்டார்கள். முட்டை ஆறரைக்கு அடுப்பில் ஏற வேண்டும், ஏழரைக்குப் பிள்ளைகள் டியூட்டிக்குப் போவார்கள். வாடகை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன இரண்டு நாளும் ஏழு மணி ஆகிவிட்டது. பிள்ளைகள் வெறும் அப்பத்தைத் தின்றுவிட்டுப் போனார்கள். பிக்கப் வேனில் முட்டை கொண்டுவருகிற ஒருவன் ஏற்கெனவே வார்டனைப் பார்த்துப் பேசிவிட்டுப் போயிருந்தான். வார்டன் அம்மா மலையாளத்தில் மரியாதையாகத்தான் சொன்னாளாம்: வருகிற புதன்கிழமை ஆறரைக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் சனிக்கிழமை முதல் வேன்காரன் வருவான்.

சாலைக் கடைத்தெருவிலிருந்து பூஜப்புரைக்குப் போகிற வழி தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தம்பானூர் தாண்டினால் மாடல் ஸ்கூல் முக்கிலிருந்து தைக்காடு வரை ஏற்றம். பிறகு ஜகதிப் பாலத்துக்கு இறக்கம். பாலம் தாண்டினால் மறுபடியும் ஏற்றம். இருபது கிலோ முட்டையோடு அந்த இரண்டு ஏற்றத்தையும் இறங்காமல் ஏற வேண்டும். நாற்பத்துநாலு வயது. அவரே கணக்குப் போட்டு, கியர் சைக்கிள் இருந்தால் முடியும் என்று கண்டுபிடித்தார்.

கரமனை அக்ரஹாரத்தில் பட்டாபி சார் வீட்டு மாடிப்படிக்கு அடியில் அப்படி ஒன்று கிடந்தது. மலைரோட்டில் ஓட்டுகிற தடித்த டயர் வண்டி. அவருடைய மகன் மஹேஷ் மஸ்கட்டிலிருந்து வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. அவன் இப்போது அமெரிக்காவில். சார் வீட்டில் முட்டை வாங்க மாட்டார்கள், ஆனால் ராஜையனைத் தெருவில் போகிற ஆளாக இருபது வருஷமாகத் தெரியும். சைக்கிள் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டதும் சார் உடனே சம்மதித்தாராம்.

“எடுத்துண்டு போங்கோ. எடத்தை அடைச்சுண்டு நிக்கறது. வந்த புதுசில மஹேஷ் ஒருநாள் இதுலேர்ந்து தலைகுப்புற விழுந்தான், அதோட தொடவே இல்லை.”

ராஜையன் இதை என்னிடம் அப்படியே சொன்னார். அன்று அதை நான் காதில் வாங்கிக்கொண்டேன், தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. புது வண்டி, பழக்கமில்லாமல் விழுந்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு மதியம் கோயில் முடிந்து அவர் அதை என் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு டயரிலும் காற்று இல்லை. செயின் துருப்பிடித்துக் கம்பியாக நின்றது. பின் சக்கரம் சுற்றினால் எட்டுப் போட்டது. மூன்று நாளில் ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்றேன். கியர் வைத்த வண்டியில் நான் அதுவரை கை வைத்ததில்லை என்பதைச் சொல்லவில்லை. அவருக்கு அன்று வேறு ஆளைத் தேடிப் போக நேரமில்லை, எனக்கும் அதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

தெரிந்ததிலிருந்து ஆரம்பித்தேன். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டேன். மறுநாள் காலையில் எடுத்து ஒவ்வொரு கண்ணியாக மடக்கி நீட்டினால் ஏழு கண்ணி இறுகி நின்றது. பக்கவாட்டில் லேசாக நெளித்து நெளித்து விட்டதில் ஆறு இளகியது. ஏழாவதை அடித்து எடுத்துவிட்டு ஒன்று குறைத்துக் கோர்த்தேன். வீல் நடுவில் பால்ரஸ் தேய்ந்து சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடியது. குண்டுகளை மாற்றி, கிரீஸ் வைத்து, கோன் நட்டை முடுக்கினேன். ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது. அந்த இடம் கை சொல்லும். கோட்டத்துக்கு ஸ்போக் கம்பிகளை ஒரு பக்கம் இளக்கி மறுபக்கம் இழுத்து, விளிம்பு பிரேக் ரப்பரில் உரசாமல் ஓடும்வரை விடவில்லை. டியூபின் வால்வு மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரி, என் பம்பு சேரவில்லை. பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றடித்தேன்.

திங்கள் சாயங்காலம் கியருக்கு வந்தேன். பின்னால் சின்னதும் பெரியதுமாக ஏழு பல்சக்கரம். செயினை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தள்ளுகிற கை ஒன்று கீழே தொங்கியது. அது தொங்குகிற காது உள்பக்கம் வளைந்திருந்தது. மஹேஷ் விழுந்த அன்று வளைந்ததாக இருக்கும். வளைந்த காதோடு பெரிய பல்லுக்குத் தள்ளினால் செயின் தாண்டி ஸ்போக்கில் விழும், ஓடுகிற சக்கரம் அந்த இடத்திலேயே நிற்கும். நிமிர்த்தியாக வேண்டும். ஆனால் அது இரும்பு இல்லை, அலுமினியம். இரும்பு என்றால் அடித்து நிமிர்த்தலாம், பிழைத்தால் வெல்டிங் வைக்கலாம். அலுமினியம் ஒடிந்தால் ஒடிந்ததுதான். அந்தக் காதுக்கு மாற்று திருவனந்தபுரத்தில் எந்தக் கடையிலும் கிடையாது. மஸ்கட்டில்தான் போய்க் கேட்க வேண்டும்.

ராஜையன் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போய்விட்டு வாருங்கள் என்று எவ்வளவோ சொல்லியும் போகவில்லை. நீளமான ஸ்பேனரை அந்தக் காதில் மாட்டி, நெல்லிடை நெல்லிடையாக இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி, விரிசல் விழுகிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். அரை மணிக்கூர் ஆனது. நேரானபோது என் சட்டை நனைந்திருந்தது, மழையில் அல்ல.

தள்ளுகிற கையில் இரண்டு குட்டித் திருகாணி. எதற்கு என்று தெரியாது. ஒன்றைக் கால் சுற்றுத் திருகுவேன், பெடலைக் கையால் சுற்றுவேன், செயின் எங்கே போகிறது என்று பார்ப்பேன். பிறகு மற்றதை. கடைசியில் புரிந்தது: ஒன்று செயினை வெளியே விழாமல் தடுக்கிற வரப்பு, மற்றது உள்ளே ஸ்போக்கில் விழாமல் தடுக்கிற வரப்பு. செவ்வாய்க்கிழமை மதியம் ஏழு பல்லிலும் செயின் ஏறி இறங்கியது.

இனி பாக்கி பிரேக். கம்பி இரண்டும் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருந்தது. கம்பி மாற்றுவதில் எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. இரண்டையும் சேர்த்துக் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றி, அது வந்த வழியிலேயே புதியதைப் போட்டு, மாட்டி முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். கம்பெனிக்காரன் போட்டது போட்டபடி இருக்கும், குழப்பம் வராது. நானும் அப்படியே செய்தேன். எந்தக் கம்பி எந்தப் பிடியிலிருந்து புறப்பட்டு எந்தச் சக்கரத்துக்குப் போனதோ, அதே பிடி, அதே சக்கரம். அந்த வண்டிப் பிரேக் நம் கறுப்பு சைக்கிள் பிரேக் மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் கை வைத்து விளிம்பைக் கவ்வும். ஒரு விரலால் அழுத்தினால் சக்கரம் நிற்கிற அளவுக்கு முறுக்கி வைத்தேன்.

அந்த வண்டிக்குக் கேரியர் கிடையாது. பழைய கறுப்பு சைக்கிளிலிருந்து கேரியரை எடுத்து, இரும்புக் கம்பி வளைத்துக் கால் கொடுத்து, நாலு இடத்தில் கிளிப் போட்டு நிறுத்தினேன். மணியை இடது பக்கம் வைத்தேன். ஹேண்டிலில் அவருக்கு வலது கை கிடையாது என்பது மணி மாட்டும்போது எனக்கு ஞாபகம் இருந்தது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் மழை நின்றபோது சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நான் ஓட்டிப் பார்த்தேன். நல்ல பிரேக். ராஜையன் வந்தபோது மறுபடியும் மழை கொட்டியது. நான் ஓட்டிப் பார்த்துவிட்டேன், நீங்களும் ஓட்டிப் பாருங்கள் அண்ணே என்றேன். அவர் கேரியரை மட்டும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

“நீ ஓட்டிப் பாத்தா போரும்.”

புதன்கிழமை ஐந்தரைக்குக் கடைக்கு வந்தார். சுசீலாபாய் அடுக்கிக் கொடுத்த தட்டுகளை வாடகை சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். இருவருமாகக் கட்டினோம். பன்னிரண்டு தட்டு. பத்து ஹாஸ்டலுக்கு, இரண்டு வழியில் ஒரு டீக்கடைக்கு. மழை இல்லை, ரோடு நனைந்திருந்தது. ஐந்தே முக்காலுக்கு ஏறினார். சீட் கொஞ்சம் உயரம், முதல் இரண்டு சுற்று தடுமாறியது. பிறகு வலது கை பின்னால் போய் மேல்தட்டில் உட்கார்ந்தது. சந்து திரும்பி மறைந்தார்.

நான் பக்கத்தில் சுப்புவின் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். என் கடைமுன் பால்காரர் பூதலிங்கம் தன் கறுப்பு சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார்.

“முன்பக்கம் சுத்தமா பிடிக்கேல வேய். நேத்து ஒரு பசுமாடு என்னைப் பாத்து ஒதுங்கிப் போச்சு, நான் நிப்பாட்டினதில்ல.”

அவர் அப்படித்தான், எதையும் நேராகச் சொல்ல மாட்டார். நான் குனிந்து முன் பிரேக்கைப் பார்த்தேன், ரப்பர் தேய்ந்து தகடு தெரிந்தது. வலது கையால் பிடியை அழுத்தினேன். முன் சக்கரத்தில் ரப்பர் அசைந்தது.

என் கை அப்படியே நின்றது.

நேற்று அந்தக் கியர் சைக்கிளில் கம்பி மாட்டிவிட்டு இதே வலது பிடியை அழுத்தியபோது, சத்தம் பின்னாலிருந்து வந்தது. கண்ணை மூடிப் பார்த்தேன். இடது பிடியிலிருந்து கிளம்பிய கம்பியை முன் சக்கரத்துக்குத்தான் நான் கொண்டுபோனேன். என் கையால்தான் கொண்டுபோனேன். வெளிநாட்டு வண்டி. அங்கே பிரேக் மாறியிருக்கும் போலிருக்கிறது. மஹேஷ் விழுந்ததும் அதனால்தான். நம் ஊர் சைக்கிள் ஓட்டிப் பழகியவன், பின் பிரேக் என்று நினைத்து இடதை அழுத்தியிருப்பான். நான் ஓட்டும்போது இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினேன், எது எது என்று தெரியவில்லை.

ராஜையனுக்கு இடது கை மட்டும்தான். தம்பானூர் வரை சமதரை, மெதுவாகப் போகும்போது எதை அழுத்தினாலும் வண்டி நிற்கும், அவருக்கு ஒன்றும் தெரியாது. தைக்காடு வரை ஏற்றம், பிரேக் தேவையே இல்லை. அதற்கப்புறம் ஜகதி இறக்கம். நனைந்த ரோட்டில், இருபது கிலோ பாரத்தோடு, ஒற்றைக் கையில் இருக்கிற ஹேண்டிலில், ஒரு விரலுக்குப் பூட்டிக்கொள்கிற முன் பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முறுக்கியவன் நான்.

பூதலிங்கத்திடம் ஒன்றும் சொல்லாமல் அவர் சைக்கிளில் ஏறிவிட்டேன். பின்னால் அவர் ஏதோ கத்துவது கேட்டது. அந்த வண்டியின் முன் பிரேக் பிடிக்காது என்பது கிள்ளிப்பாலம் தாண்டிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

அவருக்கும் எனக்கும் எட்டு நிமிஷம், பத்து நிமிஷம் வித்தியாசம். மாடல் ஸ்கூல் முக்கு ஏற்றத்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். இருபது கிலோவோடு அவர் ஊர்ந்துகொண்டுதான் இருப்பார். முக்கில் அவர் இல்லை. ஏற்றத்தில் பாதி தூரம் கண் ஓட்டினேன், இல்லை. நான் சரிப்படுத்திய கியர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வேலை கெட்டுப்போயிருக்கக் கூடாதா, செயின் கழன்று அவர் ஓரத்தில் நிற்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். சீட்டை விட்டு எழுந்து மிதித்தேன். மூச்சு நெஞ்சில் இடித்தது. ரோட்டில் கூட்டம் இல்லை, பத்திரிகை போடுகிறவர்களும் நடக்கப் போகிறவர்களும்தான்.

மேட்டின் உச்சிக்கு வந்தபோது பார்த்துவிட்டேன். முப்பது அடி முன்னால் வெள்ளைத் தட்டுகள், அதன்மேல் ஒரு கை. வண்டி அப்போதுதான் இறக்கத்தில் உருள ஆரம்பித்திருந்தது.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அந்த நிமிஷமே மூடிக்கொண்டேன். நில்லுங்கள் என்று சொன்னால் அவர் நிற்கப் பார்ப்பார். நிற்பதற்கு அவர் அழுத்தப்போவது இடது பிடி.

சத்தமில்லாமல் பின்னால் விட்டேன். காற்றில் வேகம் ஏறியது. கீழே பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆனவண்டி, கேரள சர்க்கார் பஸ், ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது, ரோட்டில் பாதி அதுதான். அவருக்கு வலது பக்கமாக வந்து சேர்ந்தேன். திரும்பிப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு.

“எறங்காம ஏறிட்டேன்டே வேலாயுதா. கொள்ளாம் கேட்டியா, உன் கியரு.”

இடது கையின் இரண்டு விரல் பிடியின்மேல் மடங்கி இருந்தது. இன்னும் அழுத்தவில்லை.

“அண்ணே, அந்த வெரல எடுங்க. எடது பிரேக்க தொடண்டாம்.”

“என்னது?”

“அது முன்சக்கரத்துக்காக்கும். நான் பாக்காம மாட்டிட்டேன். தொட்டா மறிஞ்சிரும். பின்பிரேக்கு வலத்தெ இருக்கு. வலத்து கைய முன்னாலெ கொண்டாங்க.”

அவர் விரலை எடுத்தார். சிரிப்பு போய்விட்டது. வண்டி இன்னும் வேகமாக உருண்டது. வலது கை தட்டைவிட்டு அசையவில்லை. மேல்தட்டைப் பார்த்தார், கீழே பஸ்ஸைப் பார்த்தார்.

“முட்டை?”

“போட்டும்.”

“எப்படிப் போட்டும்? ஆறரைக்கு அங்க வேணும்.”

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கை அங்கே இருந்திருக்கிறது. உயிர் போகிறது என்றாலும் அதற்கு வேறு வேலை தெரியாது. பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. யோசிக்க ஒன்றும் இல்லை. நான் என் இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து அவருடைய கைக்கு மேல் வைத்து மேல்தட்டைப் பிடித்தேன்.

“நான் பிடிச்சாச்சு. விடுங்க.”

என் கைக்கு அடியிலிருந்து அவர் கை நழுவி முன்னால் போனது. வலது பிடியை மெதுவாக, முட்டையைத் தொடுகிற மாதிரி அழுத்தினார். பின் சக்கரம் கிறீச்சிட்டது. அவர் வண்டி அடங்க ஆரம்பித்தது. என் வண்டி அடங்கவில்லை. என் இடது கை முட்டையின்மேல், அதனால் பின் பிரேக் பிடிக்க ஆள் இல்லை. வலது கையில் இருப்பது பூதலிங்கத்தின் முன் பிரேக். முழுபலத்தோடு அழுத்தினேன், தகடு விளிம்பில் உரசியதோடு சரி. அவர் பின்தங்கினார், நான் முன்னால் போனேன், என் கை பின்னால் இழுபட்டது. வார் ஒன்று அறுந்தது. மேல்தட்டு நாலும் என்னோடு வந்தது.

விழுந்தது நான்தான். முழங்கையும் முட்டியும் தார் ரோட்டில் தேய்ந்தது. நூற்று இருபது முட்டையும் என்மேலும் என்னைச் சுற்றியும் உடைந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். கண்டக்டர் இறங்கி வந்து, சேட்டா வல்லதும் பற்றியோ, அடி ஏதும் பட்டதா, என்று கேட்டுவிட்டு, மஞ்சள்கரு காலில் படாமல் தள்ளி நின்றுகொண்டார்.

ராஜையன் பஸ்ஸுக்குப் பத்தடி இந்தப் பக்கமே நின்றிருந்தார். இரண்டு காலும் தரையில், இரண்டு கையும் ஹேண்டிலில். முதலில் திரும்பி முட்டையைத்தான் பார்த்தார். எட்டுத் தட்டு நின்றது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில்தான் என்னைப் பார்த்தார்.

“எழும்ப முடியுமா?”

முடியும் என்றேன். அவர் அறுந்த வாரை முடிச்சுப் போட்டு இறுக்கினார், பாலத்தைத் தள்ளிக்கொண்டே தாண்டினார், மறுபக்க ஏற்றத்தில் ஏறி உட்கார்ந்தார். வலது கை மறுபடியும் பின்னால் போனது. ஏற்றத்துக்குப் பிரேக் வேண்டாம். நான் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, அவர் மறையும்வரை பார்த்தேன். ஒரு தடவைகூட இறங்கவில்லை.

ஹாஸ்டலில் நடந்ததைச் சுசீலாபாய்தான் பிறகு சொன்னாள். ஆறு இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். பத்துக்கு எட்டுத்தான் இருக்கிறது என்று வார்டன் அம்மா முகம் சுளித்திருக்கிறாள். அன்று நைட் டியூட்டிக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து தூங்குகிறவர்கள், அவர்களுக்கு மதியம் கொடுத்தால் போதும் என்று சமையற்காரி எடுத்துச் சொல்லியிருக்கிறாள். பத்து மணிக்குள் இரண்டு தட்டு வந்தாக வேண்டும் என்று வார்டன் சொன்னாள். அதுவும் வந்தது. இறக்கம் முழுவதும் இறங்கி நடந்தே கொண்டுபோயிருக்கிறார். சனிக்கிழமை வேன்காரனை வரச் சொல்லவில்லை. டீக்கடைக்காரன் மட்டும் அன்றைக்கு முட்டை இல்லாமல் கோபித்துக்கொண்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான். அது திரும்பக் கிடைக்கவில்லை.

மதியம் ராஜையன் கடைக்கு வந்தார். அப்போது பூதலிங்கம் அங்கே உட்கார்ந்து, வளைந்த ஹேண்டிலை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். ராஜையனின் முகத்தைப் பார்த்ததும் அவரே எழுந்து வெளியே போய்விட்டார். என் முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. ராஜையன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார். அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீ ஓட்டிப் பாத்தேன்னு சொன்னியே. எத்தன கையிலெ ஓட்டினே?”

“ரெண்டு கையிலெ.”

“நான் என்னைக்குடே ரெண்டு கையிலெ ஓட்டினேன்?”

ஸ்பேனரை எடுத்தேன். இரண்டு கம்பியையும் சேர்த்தே கழற்றினேன். இடது பிடியிலிருந்து பின் சக்கரத்துக்கு, வலது பிடியிலிருந்து முன் சக்கரத்துக்கு. உறையை இரண்டு அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது. மொத்தம் பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷமும் அவர் நின்றே பார்த்தார். முடிந்ததும் இடது பிடியை அழுத்தி, குனிந்து, பின் சக்கரத்தில் ரப்பர் கவ்வுவதைப் பார்த்தார். விட்டார். மறுபடியும் அழுத்தினார். பிறகுதான் ஏறினார்.

அன்று முதல் முட்டை எடுக்க வரும் நாளெல்லாம் என் கடைமுன் அது நடக்கிறது. கட்டி முடித்ததும் இடது கையால் அழுத்துவார், குனிந்து பின் சக்கரத்தைப் பார்ப்பார், ஏறிப் போவார். என்னைக் குத்திக்காட்ட அவர் அதைச் செய்யவில்லை. ஆனால் அவர் குனியும்போதெல்லாம் நான் உள்ளே ஏதாவது தேடுகிற மாதிரித் திரும்பிக்கொள்வேன். இரண்டு வருஷம் அப்படிப் போனது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, விடாத மழை. நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கட்டினார். வாரை இழுத்து முடிந்ததும் நேராகக் காலைத் தூக்கிப் போட்டு ஏறிவிட்டார். வலது கை பின்னால் போனது. நான் எழுந்து சந்துக்குள் ஓடிப்போய்க் கேரியரைப் பிடித்து நிறுத்தினேன்.

“அண்ணே, பாக்காம போறியளே.”

அவர் மழையில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். இறங்கினார். இடது பிடியை அழுத்தினார். இந்தத் தடவை அவரோடு நானும் குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்தில் ரப்பர் கவ்வியது. செரி என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.